பிள்ளை பெற்ற வீட்டுக்கு என்ன கொண்டு போவது?

தாய்-சேய் நலம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் பெற்றவர்கள் எழுதியவை அல்ல. பக்கத்து வீடு, மகளிர் குழு, அடுக்ககச் சங்கம் என்று சுற்றியிருப்பவர்கள் எழுதியவை. அதனால் பதில்களும் அவர்களைப் பார்த்தே பேசுகின்றன.

எங்கள் காம்பவுண்டில் ஒடிசாவிலிருந்து வந்த தம்பதி இருக்கிறார்கள். இருவரும் பனியன் கம்பெனியில் வேலை. குழந்தை பிறந்து 10 நாள் ஆகிறது. ஊரிலிருந்து யாரும் வரவில்லை. கணவர் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். நாங்கள் ஏழெட்டு வீட்டார் உதவத் தயார். எப்படித் தொடங்குவது?
வாசகி, திருப்பூர்

முதல் வாரம் எல்லாரும் ஓடி வருவார்கள். மூன்றாவது வாரம் யாரும் இருக்க மாட்டார்கள். பச்சை உடம்புக்காரிக்கு உண்மையில் கை ஒடிவது அந்த மூன்றாவது வாரத்தில்தான். தூக்கக் கடன் சேர்ந்திருக்கும், தையல் வலி முழுதாகப் போயிருக்காது, குழந்தை மாலையில் விடாமல் அழத் தொடங்கியிருக்கும். ஆகவே இன்றைக்கே எல்லாவற்றையும் செய்துவிடப் பார்க்காமல், 6 வாரத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏழு வீடு என்றால் வீட்டுக்கு ஒரு கிழமை. செவ்வாய்க்கிழமை உங்கள் வீடு என்றால் ஆறு வாரமும் செவ்வாய்தான். தேதி மாற்றி மாற்றிப் போட்டால் மறதி வரும், தினமும் போன் போட வேண்டியிருக்கும், கடைசியில் ஒருவர் தலையில் விழும். எட்டாவது வீடு மாற்று ஆள். யாருக்காவது முடியாத நாளில் அவர்கள் நிற்பார்கள்.

மூன்று வேளையும் கொடுக்க முயல வேண்டாம், இரண்டு வாரத்தில் அலுத்துவிடும். மதியச் சாப்பாடு ஒன்று போதும். காலையில் கணவர் ஏதாவது வாங்கி வைத்துவிட்டுப் போவார், இரவில் வந்துவிடுவார். பகல் 1 மணிக்குத்தான் அந்தப் பெண் தனியாக இருப்பாள். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையால் பிஸ்கட் என்று அந்த வேளை போய்விடும். பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட நாளுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். கால் கிலோ அரிசிச் சோறு, அரை லிட்டர் கெட்டிப் பருப்பு, ஒரு கைப்பிடி கீரை அல்லது காய், இரண்டு முட்டை என்று அனுப்பினால் மதியம் அவளுக்குப் போக மிச்சம் இரவுக்கும் உதவும். அவர்களுக்கு நம் புளியும் மிளகாயும் பழக்கமில்லாமல் இருக்கலாம். பருப்பும் சோறும் பொதுவானவை. எதற்கும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். கேட்காமல் பத்தியம் போடாதீர்கள், தண்ணீர் குடிக்காதே என்று சொல்லவே சொல்லாதீர்கள்.

எவர்சில்வர் தூக்கில் கொடுத்தால், அடுத்த நாள் வருபவர் அதை எடுத்து வந்து கழுவி உரிய வீட்டில் சேர்க்க வேண்டும். பாத்திரம் கழுவித் திருப்பித் தரும் வேலை அவளுக்கு வந்தால் உதவியில் பாதி போச்சு.

சாப்பாடு கொண்டுபோகிறவர் அதே நேரத்தில் துணியையும் பார்த்துக்கொள்ளலாம். துணி நாப்கின் கட்டுகிற குழந்தைக்கு ஒரு நாளைக்கு 12, 15 துணி நனையும். மலம் பட்டதைத் தனியாக அலசி, சோப்புப் போட்டு, நல்ல வெயிலில் காயப் போட்டால் போதும். டெட்டாலில் ஊற வைப்பது தேவையில்லை, சரியாக அலசாவிட்டால் குழந்தைக்குத் தோல் சிவந்துவிடும்.

இதைவிடப் பெரிய உதவி இரண்டு மணி நேரத் தூக்கம். குழந்தை பால் குடித்து முடித்ததும் நீங்கள் வாங்கிக்கொண்டு, அவளைக் கதவைச் சாத்திப் படுக்கச் சொல்லுங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள், தலையணை வேண்டாம். தொடும் முன் சோப்புப் போட்டு 40 வினாடி கை கழுவுங்கள். சளி, இருமல், அக்கி இருப்பவர் அன்றைக்கு வாசலோடு சரி. முத்தம் யாருக்கும் கிடையாது. போட்டோவும் வேண்டாம்.

ஒரு புதன்கிழமை கூடவே போங்கள். தமிழ்நாட்டில் அரசுத் தடுப்பூசி பெரும்பாலும் புதன்கிழமைகளில்தான். எந்த மாநிலத்துக் குழந்தை ஆனாலும் இலவசமாகப் போடுவார்கள், உள்ளூர் ரேஷன் கார்டு கேட்க மாட்டார்கள். பிறந்ததும் போடும் பி.சி.ஜி. போட்டாகிவிட்டதா என்று அட்டையில் பாருங்கள். அடுத்தது 6 வாரத்தில். பிறப்பைப் பதிய 21 நாள் வரை கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் அவர்களே அனுப்பியிருப்பார்கள், ஆனால் பெற்றோர் பெயரின் எழுத்துகள் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். மொழி தெரியாத இடத்தில் சொன்ன பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதிவிடுவார்கள். பின்னால் திருத்துவது பெரும்பாடு.

எங்கள் மகளிர் குழுவில் ஒரு பெண் 8 மாதம். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது. மூத்த பிள்ளைக்கு 3 வயது. ஆஸ்பத்திரி 18 கிலோமீட்டர். வலி வந்தால் என்ன செய்வது என்று அவள் பயப்படுகிறாள்.
குழு ஊக்குநர், திருவண்ணாமலை மாவட்டம்

ராத்திரி 2 மணிக்கு வலி வந்ததாக வைத்துக்கொண்டு இன்று பகலிலேயே ஒத்திகை பாருங்கள். யார் 108-ஐ அழைப்பது? வண்டி எந்த இடம் வரை வரும்? மழை பெய்தால்? மாற்றாக ஊரில் வண்டி வைத்திருக்கும் இருவரிடம் முன்கூட்டியே சொல்லி, எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். போனில் மட்டும் பதிந்தால், சார்ஜ் போன அன்றைக்கு அது உதவாது. மலைப்பகுதி என்றால் நர்சம்மாவிடம் ஒன்று கேளுங்கள். சில மலை ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவ நாளுக்கு முன்பே வந்து தங்கிக்கொள்ள அறை உண்டு.

கூடவே போகும் பெண்ணை முடிவு செய்யுங்கள். அவளுக்கும் மாற்று ஆள் வேண்டும். மூத்த பிள்ளை எந்த வீட்டில் இருக்கப் போகிறதோ, அந்த வீட்டில் இப்போதே இரண்டு இரவு தூங்கிப் பழகட்டும். இல்லையென்றால் தாய் ஆம்புலன்சில் ஏறும்போது அந்தப் பிள்ளை அழுகிற அழுகையில் அவள் இறங்கிவிடுவாள். மிகையாகச் சொல்லவில்லை, வீட்டிலிருந்து கிளம்பத் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணத்துக்குக் குழுவிலேயே வழி உண்டு. 5,000 ரூபாய் அவசர முன்பணம் என்று இந்த வாரக் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கி, ரொக்கமாக எடுத்து ஒருவரிடம் வையுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம்தான், சாப்பாடு, ஆட்டோ, துணை இருப்பவர் செலவு இருக்கிறதே. தீர்மானம் இல்லாமல் வலி வந்த பிறகு, குழுக் கணக்கில் கையெழுத்துப் போடும் பிரதிநிதிகள் இருவரையும் தேடிப் பிடித்து, வங்கி திறக்கும் வரை காத்திருப்பதற்குள் பிள்ளை பிறந்துவிடும்.

பையில் தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ஆதார், பாஸ்புக் நகல், துவைத்து வெயிலில் காய்ந்த பழைய வேட்டித் துண்டுகள் எட்டு, மூன்று நைட்டி, நாப்கின் பாக்கெட், பிளாஸ்க். அட்டையில் ரத்த வகையையும் ஹீமோகுளோபின் அளவையும் பாருங்கள். 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. 8 மாதத்தில் மாத்திரையால் மட்டும் ஏற்றக் காலம் போதாமல் போகலாம், ஊசி வழி இரும்புச் சத்து வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதே வகை ரத்தம் உள்ள இருவரைப் பார்த்து வையுங்கள். ஆண் என்றால் கடைசியாகக் கொடுத்து 3 மாதமும், பெண் என்றால் 4 மாதமும் ஆகியிருக்க வேண்டும்.

வலி வரும்வரை காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு: ரத்தப்போக்கு, நீர்க்குடம் உடைதல், விடாத தலைவலியோடு கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், குழந்தை அசைவு குறைதல். சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் சாய்ந்து படுத்து எண்ணினால் 2 மணி நேரத்தில் 10 அசைவு வர வேண்டும். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலே அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மருமகளுக்குப் பால் பத்தவில்லை என்று நினைக்கிறோம். பிறக்கும்போது 2.9 கிலோ, மூன்றாம் நாள் 2.7. இப்போது 9 நாள். மாலையில் ஓயாமல் அழுகிறான். பால் பவுடர் வாங்கலாமா?
வாசகி, நாமக்கல்

முதலில் கணக்கு. முதல் சில நாளில் 7 முதல் 10 சதவீதம் வரை எடை இறங்குவது வழக்கம். உங்கள் பேரனுக்கு இறங்கியது 7 சதவீதம்கூட இல்லை. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும், அதன்பின் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். அதே தராசில், துணியில்லாமல் நாளைக்கே எடை போட்டுப் பாருங்கள். வேறு வேறு தராசில் போட்டுப் பயந்துகொள்பவர்கள் நிறைய.

வீட்டிலேயே பார்க்கக்கூடியது சிறுநீர். 24 மணி நேரத்தில் ஆறு முறைக்கு மேல், நிறமில்லாமல் போனால் உள்ளே பால் போகிறது என்று பொருள். மலம் இந்நேரம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். மாலை அழுகை மட்டும் பால் குறைவுக்கு அடையாளம் ஆகாது. அந்த வயதில் மாலையில் அரை மணிக்கு ஒருமுறை கேட்பார்கள், அது சுரப்பைக் கூட்ட அவர்கள் போடும் ஆர்டர்! அந்த நேரத்தில் பவுடர் கொடுத்தால் ஆர்டர் குறையும், அடுத்த நாள் சுரப்பும் குறையும். பால் பத்தவில்லை என்ற சந்தேகம் நிஜமாவது பெரும்பாலும் இப்படித்தான்.

வாய் எப்படிப் பிடிக்கிறான் என்று பாருங்கள். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, முகவாய் மார்பில் ஒட்டியிருக்க வேண்டும். காம்பை மட்டும் சப்பினால் தாய்க்கு வெடிப்பு, பிள்ளைக்குப் பசி. நாளுக்கு 8 முதல் 12 முறை, இரவிலும் சேர்த்து. பால் கொடுக்கும் நேரத்தில் சமையல், பாத்திரம், வந்தவருக்குக் காபி எல்லாம் வேறு ஆள் பார்க்கட்டும். பூண்டும் வெந்தயமும் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் சுரப்பைக் கூட்டுவது பிள்ளை உறிஞ்சுவதும் தாய் ஓய்வாக இருப்பதும்தான். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், தேன், உரை மருந்து எதுவும் வேண்டாம்.

எடை இரண்டு வாரத்திலும் திரும்பாவிட்டாலோ சிறுநீர் குறைந்தாலோ டாக்டர் பவுடர் எழுதுவார், அதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை. டப்பாவில் போட்டிருக்கும் அளவை அப்படியே பின்பற்றுங்கள். பெரும்பாலானவற்றில் 30 மில்லிக்கு ஒரு கரண்டி. காசை மிச்சம் பிடிக்கத் தண்ணீரைக் கூட்டுவது பிள்ளையைப் பட்டினி போடுவது. சீசா வேண்டாம், பாலாடையில் கொடுங்கள். குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் செய்ய நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை. இருந்தும் ஒவ்வொரு தெருவிலும் அதற்கு ஒரு பெரியம்மா இருக்கிறார்.

குழந்தைக்கு 5 வாரம். என் மனைவி காரணமில்லாமல் அழுகிறாள், குழந்தை தூங்கினாலும் அவள் தூங்குவதில்லை. 'நான் நல்ல தாயில்லை, இவனை உங்கம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்' என்கிறாள். அம்மா கோயிலுக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்.
பெயர் வேண்டாம், கோவில்பட்டி

பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் வரும் அழுகை பலருக்கும் உண்டு, இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். இது நோய். திமிரோ சோம்பலோ கண்ணேறோ இல்லை. கோயிலுக்குப் போவதால் கெடுதல் இல்லை, டாக்டரிடம் போவதை அது தள்ளிப்போட்டால்தான் கெடுதல்.

இன்றிரவு ஒன்று கேளுங்கள், சுற்றி வளைக்காமல்: 'உன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளணும்னு தோணுதா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றாலோ பதில் சொல்லாமல் திரும்பிக்கொண்டாலோ தனியாக விடாதீர்கள், உடனே மருத்துவமனை. இல்லாத குரல் கேட்பது, பிள்ளையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்பது, இரண்டு மூன்று நாளாகத் துளியும் தூங்காமல் ஓடிக்கொண்டே இருப்பது ஆகியவை வேறு வகை. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும், அது அவசர சிகிச்சைக்குரியது. மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

அப்படி எதுவும் இல்லையென்றாலும் இந்த வாரத்துக்குள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416 டெலி மனஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு, தமிழிலும் இருக்கிறது. கடந்த 7 நாளைப் பற்றிக் கேட்கும். மொத்தம் 30-க்கு 13-ஐத் தொட்டாலே மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் கவனிப்பார்கள். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டும் குறைந்தால் இதே போன்ற சோர்வு வரும். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதற்குள் நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. தேறியதும் தானாக நிறுத்துவது அடுத்த தவறு.

வீட்டில் உங்கள் பங்கு, அவளுக்கு ஐந்து மணி நேரத் தொடர் தூக்கம். இரவு 9 மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் வேறு அறையில் படுக்கட்டும். பிழிந்து வைத்த பாலைப் பாலாடையில் நீங்களோ உங்கள் அம்மாவோ கொடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் வெளியே 4 மணி நேரம் என்ற கணக்கை நம்ப வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சுடுநீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வெதுவெதுப்பாக்குங்கள், நேராக அடுப்பில் வைக்கக் கூடாது. 'நாங்கல்லாம் அஞ்சு பெத்தோம்' என்ற வாக்கியத்துக்கு வீட்டில் தடை போடுங்கள். பிள்ளையை முழுதாக வாங்கி வேறு ஊருக்கு அனுப்புவதும் வேண்டாம், அவள் தன்னைப் பற்றிச் சொன்னதை நீங்களே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

மகப்பேறு உதவித்தொகைக்குப் பதிந்து 7 மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை.
வாசகி, கள்ளக்குறிச்சி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். 14,000 தவணைகளாகக் கணக்குக்கு வரும், மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்கியிருக்க வேண்டும்.

தகுதி இருந்தும் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்தும் பாஸ்புக்கில் கணவர் பெயரின் முதலெழுத்தும் இருப்பது. கணக்கில் பல மாதமாக வரவு செலவே இல்லாமல் முடங்கியிருப்பது. கணக்கோடு ஆதார் இணையாதது, அல்லது மறந்துபோன பழைய கணக்கோடு இணைந்து பணம் அங்கே போய் விழுந்திருப்பது. வங்கியில் 'ஆதார் சீடிங் எந்தக் கணக்கில் இருக்கு?' என்று இதே வார்த்தையில் கேளுங்கள். பிறகு பிக்மி எண்ணோடு கிராம சுகாதார செவிலியரிடம் போய் எந்தத் தவணை எதனால் நிற்கிறது என்று திரையில் பார்க்கச் சொல்லுங்கள். பரிசோதனைக்குப் போகாத மாதம் இருந்தாலும், பிள்ளைக்குத் தடுப்பூசி விட்டுப்போனாலும் அதையொட்டிய தவணை நிற்கும்.

அடுக்ககத்தில் எல்லாரும் சேர்ந்து 6,000 ரூபாய்க்குப் பரிசு வாங்கப் போகிறோம். என்ன வாங்கலாம்?
வாசகர், சென்னை

கவுன் வேண்டாம். ஏற்கெனவே பதினைந்து வந்திருக்கும், இரண்டு மாதத்தில் எதுவும் பத்தாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று, வெள்ளைப் பருத்தித் துணி 24, மீதிப் பணத்துக்கு வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு ஒரு மாதக் கூடுதல் சம்பளம்.

தங்கைக்கு 8 மாதத்திலேயே 1.8 கிலோவில் பிள்ளை பிறந்தது. நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?
வாசகர், தேனி

சூடும் பாலும். தொப்பியும் நாப்கினும் மட்டும் போட்ட பிள்ளையைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்ந்த வாக்கில் ஒட்ட வைத்து, மேலே துணியால் சுற்றிக் கட்டுங்கள். கங்காரு முறை என்பார்கள். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும், நாளெல்லாம் வைத்தாலும் நல்லது. தாய் குளிக்க, சாப்பிட எழும்போது தகப்பனோ பாட்டியோ நீங்களோ அப்படி வைத்துக்கொள்ளலாம். ஆண்கள் கூச்சப்பட வேண்டாம். பாதத்தைத் தொட்டுப் பாருங்கள், வயிறு சூடாக இருந்து பாதம் சில்லென்றால் குளிர் எடுக்கிறது. டாக்டர் சொல்லும்வரை தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்டல், சாம்பிராணிப் புகை, மூக்கில் எண்ணெய் எதுவும் இல்லை. 2, 3 மணிக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும், இந்தப் பிள்ளைகள் பசித்தாலும் அழாமல் தூங்கிவிடும். பக்கத்து வீட்டுத் தாயிடம் பால் வாங்கிக் கொடுக்காதீர்கள். தாய்ப்பால் வங்கியில் கொடுப்பவருக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிய பிறகே கொடுக்கிறார்கள். பால் குடிக்காமை, நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டிய மூச்சு, நெஞ்சு உள்வாங்கல், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், உடல் சில்லிடுதல் அல்லது காய்ச்சல் இருந்தால் உடனே கிளம்புங்கள், வழியிலும் மார்போடு சேர்த்தே.

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. போய்ப் பார்க்கவா, விட்டுவிடவா என்று தெரியவில்லை.
வாசகி, தஞ்சாவூர்

போங்கள். சாப்பாடு கொண்டு போங்கள், அவளும் பிள்ளை பெற்றவள்தான். 'நடந்தது வருத்தமா இருக்கு' என்பது போதும். 'அடுத்தது நல்லபடியா பிறக்கும்', 'எதுக்கு அந்த வேலைக்குப் போனே' இரண்டும் வேண்டாம். பிள்ளைக்குப் பெயர் வைத்திருந்தால், அவள் சொல்லும்போது நீங்களும் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: இரண்டு மூன்று நாளில் பால் கட்டும். இறுக்கித் துணி கட்டுவது வலியையும் சீழையும் கூட்டும். சரியான அளவு உள்ளாடை, ஈரத்துணி ஒத்தடம், வலி தாங்காவிட்டால் கொஞ்சமாகப் பிழிந்து விடுதல். முழுதும் பிழிந்தால் மேலும் சுரக்கும். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் டாக்டர். பால் வற்ற மாத்திரையும் உண்டு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது. வேலைக்குப் போகிறவள் என்றால், கருச்சிதைவுக்கு 6 வாரச் சம்பள விடுப்பு உண்டு. நிறைமாதத்தில் இறந்து பிறந்தாலும் சட்டப்படி அது பிரசவம்தான், பேறுகால விடுப்பு முழுதாகச் சேரும். கம்பெனியில் அதைக் கேட்டு எழுதித் தரும் வேலையை வேறு யாராவது ஏற்றுக்கொள்ளுங்கள்.

செவிலியரிடமும் அங்கன்வாடியிலும் நீங்களே போய்ச் சொல்லிப் பதிவைத் திருத்தச் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஆறாவது வாரம் தடுப்பூசி போட வரச்சொல்லி அவளுக்குப் போன் வரும்.